மெய்நிகர் இயற்கையும் மெய்யான இயற்கையும்

காட்டைக் காண வேண்டுமானால் காட்டுக்குச் செல்ல வேண்டும். கடலடியைக் காண வேண்டுமானால் கடலில் மூழ்க வேண்டும். நேற்று வரை இதுவே நியதியாக இருந்தது. இன்று அந்த நியதி தளர்ந்துவிட்டது. தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தால் போதும். பவளப் பாறைகளுக்கு இடையே மீன் கூட்டம் நம் முகத்தருகே நீந்திச் செல்கிறது. தலையை நிமிர்த்தினால் அலையின் அடிப்புறம் தெரிகிறது. திரும்பிப் பார்த்தால் பின்னாலிருந்து ஓர் ஆமை வருகிறது. அதைத் தொடக் கையை நீட்டி, அருகில் நிற்கும் நண்பனின் தோளைத் தொட்டு நாணுவோரும் உண்டு. இதனையே 'மெய்நிகர் உலகம்' என்கிறோம்.

இக்கருவி பெருகி வரும் காலத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இது மனிதனை இயற்கையோடு நெருங்கச் செய்யுமா, அல்லது மேலும் விலக்கிவிடுமா? செங்கற்பட்டு மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. நமக்கு ஒருபுறம் வேடந்தாங்கல் ஏரி. மறுபுறம் மாமல்லபுரக் கடற்கரை. மெய்யான இயற்கையைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராயும் வாய்ப்பு நமக்கு உண்டு.

கருவி இயங்கும் முறை

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 செ.மீ. தொலைவு இருக்கிறது. ஆகவே ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. மூளை அவ்விரண்டு படங்களையும் ஒன்றாக்கி, எது அருகில், எது தொலைவில் என்று அறிகிறது. 1838-இல் ஆங்கில அறிவியலறிஞர் சார்லசு வீட்ஸ்டன் இந்த உண்மையை விளக்கி, இரு படங்களைக் காட்டி ஆழத்தை உணரச் செய்யும் 'ஸ்டீரியோஸ்கோப்' என்னும் கருவியைப் பற்றி எழுதினார். மெய்நிகர்க் கண்ணாடியின் முதல் வித்து அதுவே.

இன்றைய கருவியில் ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னே ஒரு வில்லையும் அதற்கப்பால் ஒரு சிறு திரையும் உள்ளன. தலை எப்பக்கம் திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது என்பதை நுண்ணிய உணரிகள் இடைவிடாது அளக்கின்றன. அதற்கேற்பக் கணிப்பொறி புதிய படத்தை வரைகிறது. நல்ல கருவிகளில் படம் நொடிக்கு 90 முறை மாறுகிறது. தலை திரும்பியும் படம் சற்றுப் பின்தங்கினால், 'அசைகிறேன்' என்று உட்செவி சொல்ல, 'அசையவில்லை' என்று கண் சொல்லும். இந்த முரண்பாட்டால்தான் சிலருக்குத் தலை சுற்றுகிறது. பேருந்தில் புத்தகம் படிப்போருக்கு வரும் மயக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இந்த ஆசை புதியதன்று. திருவிழாக் கூட்டத்தில் பயாஸ்கோப்புப் பெட்டியின் துளையில் கண் வைத்து ஊர் ஊராகப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நம் பாட்டனார் காலத்தவர். அமெரிக்கரான மார்ட்டன் ஹைலிக் 1962-இல் 'சென்சரமா' என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் அமர்ந்தவருக்குப் படத்தோடு காற்றும் அதிர்வும் மணமும் சேர்ந்து வந்தன. 1968-இல் ஐவன் சதர்லண்டு தலையில் அணியும் கணிப்பொறிக் காட்சிக் கருவியைச் செய்துகாட்டினார். இன்று நம் அண்டையிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறைக்கென ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.

மல்லையில் ஒரு பாறை

இயற்கையைப் படைத்துக்காட்டும் முயற்சிக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பேரெடுத்துக்காட்டு உண்டு. அர்ச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் அறிஞர் இருவகையாகப் பொருள் கூறும் மாமல்லபுரப் பாறைச் சிற்பம் ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் உடையது. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலப் படைப்பு. பாறையின் நடுவிலுள்ள இயற்கைப் பிளவையே சிற்பிகள் ஆறாக்கிக்கொண்டனர். விழாக் காலங்களில் மேலிருந்து அதன் வழியே நீர் வழிய விடப்பட்டிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். அந்நீரில் நாகங்கள் நீந்தி எழ, எதிரே நின்றவர்க்குக் கல்லே ஆறாகத் தோன்றியிருக்கும்.

அச்சிற்பத்தை நின்று பார்த்தவர்கள் ஓர் உண்மையை உணர்வார்கள். யானையின் காலடியில் குட்டிகள் ஒண்டிக் கிடக்கின்றன. மான் ஒன்று பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அருகில் தனியே உள்ள குரங்குக் குடும்பத்தில் ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது பசு தன் கன்றை நக்குகிறது. நாள்தோறும் விலங்குகளோடு பழகியவனுக்கே இவை கைவரும். இதைக் காண வந்தவனும் வீட்டில் மாடு வைத்திருந்தவன். காட்டோரம் மான் கண்டவன். தனக்குத் தெரிந்த உலகையே கல்லிலும் கண்டு அவன் வியந்தான்.

இன்றைய மெய்நிகர்க் காட்சிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். இன்று மானை முதன்முதலில் கண்ணாடிக்குள் காணும் குழந்தை இருக்கிறது. அக்குழந்தைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு மான் இல்லை.

மருத்துவம் கண்ட பயன்

படமாகக் காணும் இயற்கைக்குப் பயனே இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவிலுள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வீரியம் மிக்க வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

சன்னல் இல்லாத அறையில் என்ன செய்வது? அங்கே கருவி உதவுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாப்மன் குழுவினர் தீக்காயம் பட்டவர்களுக்காகப் 'பனி உலகம்' ஒன்றை மெய்நிகராகப் படைத்தனர். புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றும்போது நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பனியுருண்டை எறிந்து விளையாடுவார். கவனம் அங்கே செல்லச் செல்ல இங்கே வலி குறைந்தது.

2020-இல் வெளிவந்த இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வொன்றும் குறிக்கத்தக்கது. 96 பேருக்கு முதலில் சலிப்பூட்டும் ஒரு படத்தைக் காட்டினர். பிறகு அவர்களை மூன்று குழுவாக்கிப் பவளப் பாறைக் காட்சிகளைத் தொலைக்காட்சியிலும், சுற்றிப் பார்க்கும் மெய்நிகர்ப் படமாகவும், தாமே இயக்கும் மெய்நிகர்க் காட்சியாகவும் காட்டினர். மூன்றுமே சலிப்பைக் குறைத்தன. தாமே இயக்கிப் பார்த்தவர்களிடம் மகிழ்ச்சியும் இயற்கையோடு ஒன்றிய உணர்வும் கூடுதலாக இருந்தன. படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்க்கும், நடக்க இயலாதவர்க்கும், மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளை என்றுமே நேரில் காண வழியில்லாதவர்க்கும் இக்கருவி ஒரு வரமே.

சன்னலும் திரையும்

எனினும் இன்னோர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 2008-இல் பீட்டர் கான் என்னும் உளவியலாளரும் அவர் குழுவினரும் 90 பேரை மூன்று வகை அறைகளில் அமர வைத்தனர். ஓர் அறையில் மரங்களையும் நீரூற்றையும் காட்டும் மெய்யான சன்னல். இன்னோர் அறையில் அதே காட்சியை அப்போதைக்கப்போது காட்டும் பெரிய திரை. மற்றோர் அறையில் வெறும் திரைச்சீலை. சிறு மன நெருக்கடி தந்தபின் இதயத் துடிப்பு எவ்வளவு விரைவில் தணிகிறது என்று அளந்தனர். மெய்யான சன்னலருகே இருந்தவர்க்கு விரைவில் தணிந்தது. திரையைப் பார்த்தவர்க்கோ, வெறும் சுவரைப் பார்த்தவரினும் விரைவாகத் தணியவில்லை.

தட்டையான திரை தோற்றதால் மெய்நிகர்க் கண்ணாடியும் தோற்கும் என்று முடிவு கட்ட வேண்டா. ஆழத்தையும் அசைவையும் அது நன்றாகவே காட்டுகிறது. நாளை இன்னும் நன்றாகக் காட்டும். காட்சி முழுமையானபின்னும் விடுபட்டுப் போவது என்ன என்பதே கேள்வி. இதற்கு விடை தேட நாம் வாஷிங்டன் செல்ல வேண்டியதில்லை. மதுராந்தகம் வழியாக வேடந்தாங்கலுக்குச் சென்றால் போதும்.

வேடந்தாங்கல் சொல்லும் விடை

மழை நன்கு பெய்த ஆண்டில் கார்த்திகை தொடங்கி மாசி, பங்குனி வரை வேடந்தாங்கல் ஏரி பறவைகளால் நிறைந்திருக்கும். நீரில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா எனப் பலவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். நல்லதொரு படக்கருவி இவற்றை நம் கண்முன் கொண்டுவந்துவிடும். ஆனால் கரையில் நிற்பவரை முதலில் எட்டுவது காட்சியன்று, நாற்றம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நீரில் கலந்து எழும் நாற்றம். புதிதாக வருபவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அந்த நாற்றத்தில்தான் வேடந்தாங்கலின் வரலாறே அடங்கியிருக்கிறது. எச்சம் கலந்த ஏரி நீர் உழவனுக்கு உரம். தழைச்சத்தும் மணிச்சத்தும் அந்நீரோடே வாய்க்கால் வழி வயலுக்கு வருகின்றன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் எதிர்த்தனர். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளிக்கும் ஆணை 1798-இல் கிடைத்தது; 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. காட்டுயிர்ச் சட்டங்கள் எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே ஒரு சிற்றூர் தன் பறவைகளுக்குக் காவல் நின்றது. 2022-இல் வேடந்தாங்கல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே நாம் காண்பது என்ன? ஊராருக்கும் பறவைக்கும் உள்ள உறவு, அழகைக் கண்டு வந்ததன்று. கொடுக்கல் வாங்கலில் வளர்ந்தது. பறவை உரம் தந்தது. ஊர் காவல் தந்தது. மெய்நிகர்க் காட்சி பறவையின் நிறத்தையும் குரலையும் கொண்டுவருகிறது. உரத்தைக் கொண்டுவருவதில்லை; காவல் நிற்கும்படி நம்மைக் கேட்பதுமில்லை. காட்சியில் பறவைகள் நாள்தோறும் தவறாமல் வருகின்றன. மெய்யான ஏரியிலோ மழை பொய்த்தால் பறவை வராது. வராத ஆண்டில்தான், வந்த ஆண்டின் அருமை தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. படம் கூட்டைக் காட்டும்; கூட்டை வாழவைக்கும் வயலைக் காட்டாது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் சுற்றிலுமுள்ள ஏரிகளிலும் கழனிகளிலுமே இரை தேடுகின்றன. நத்தைகுத்தி நாரைக்கு நெல் வயலின் நத்தையே உணவு. அதனாலேயே ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயமாக 1998-இல் அறிவிக்கப்பட்டது. 2020-இல் அந்த எல்லையைச் சுருக்க ஒரு முன்மொழிவு எழுந்தபோது மக்கள் எதிர்த்தனர். பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. படத்தில் மட்டும் பறவையைக் கண்டவனுக்கு அந்த 5 கி.மீ. வெறும் நிலமாகவே தோன்றும்.

இருளர் அறிவு

இதே உண்மையைக் கடற்கரைப் பக்கத்திலும் காணலாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையை அடுத்து, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்புத் தோல் வாணிகம் தடைசெய்யப்பட்டபின் வாழ்விழந்த இருளர், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுகின்றனர். நாட்டின் பல பகுதிகளில் பாம்புக் கடிக்குத் தரப்படும் மருந்து இந்த நஞ்சிலிருந்து உருவாகிறது.

2017-இல் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர் அழைக்கப்பட்டனர். முன்பின் கண்டிராத நாட்டில், இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். மண்ணில் பதிந்த தடம், புல் மடிந்த விதம், உரிந்த சட்டை, எச்சம் ஆகியவற்றைப் படிக்கும் அறிவே அவர்தம் கருவி. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த அறிவு பார்த்து வந்ததன்று. சிறு வயதிலிருந்து பெற்றோருடன் நடந்து நடந்து வந்தது.

பொய்யொளி

மாமல்லபுரக் கரைக்கு ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை. ஒன்றரை மாதம் கழித்து இரவில் குஞ்சுகள் வெளிவரும். கடல் எங்கே என்று அவற்றுக்கு யாரும் சொல்வதில்லை. இருண்ட கரையைவிட, விண்ணொளி படும் கடல்பக்கம் சற்று வெளிச்சமாக இருக்கும். அத்திசையில் ஊர்ந்தால் கடல். பல கோடி ஆண்டுகளாக இந்த ஒரு குறிப்பே போதுமாக இருந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் விளக்குகளும் விடுதிகளின் விளக்குகளும் கடலைவிட வெளிச்சமாக உள்ளன. குஞ்சு விளக்கைக் கடலென்று நம்பி நிலத்தை நோக்கி ஊர்கிறது. நாய்க்கோ காக்கைக்கோ வெயிலுக்கோ இரையாகிறது. மெய்யைப் போன்ற ஒன்றை மெய்யென்று கொள்வதால் வரும் கேட்டுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அக்குஞ்சுகளுக்காக விழித்திருப்போரும் உண்டு. 1988 முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து இரவு முழுதும் மணலில் நடந்து, முட்டைகளைக் கண்டெடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். பல கி.மீ. நடந்தும் ஒரு கூடு கிடைக்காத இரவுகள் பல. 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அதனைத் தம் வீட்டுத் துயராக உணர்ந்தவர்கள் அப்படி நடந்தவர்களே. ஆமையைப் படத்தில் ஆயிரம் முறை கண்டவர்க்கு அது ஒரு நாள் செய்தி.

தெரியாமலே நிகழும் மறதி

முன்னர்க் குறிப்பிட்ட பீட்டர் கான், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரச் சிறுவர் பலரோடு உரையாடினார். காற்று மாசு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மாசு மிகுந்த தம் நகரில் மாசு இருப்பதாகப் பலர் கருதவில்லை. பிறந்தது முதல் கண்டதையே இயல்பென்று கொண்டனர். ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறு வயதில் கண்ட இயற்கையையே முழு இயற்கை என்று கொள்வதால், இழப்பு இழப்பாகவே தெரியாமல் போகிறது என்பது அவர் கருத்து.

நாமும் இதற்கு விலக்கல்லர். ரயிலில் செங்கற்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி கண்ணில் படுகிறது. நம்முள் எத்தனை பேர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி அதைப் பார்க்கிறோம்? ஆப்பிரிக்கக் காட்டுச் சிங்கத்தை ஒளிப்படமாக நூறு முறை கண்ட நமக்கு, அந்த ஏரியில் நிற்கும் பறவையின் பெயர் தெரியுமா? தொலைவிலுள்ள இயற்கை மிக அழகாக நம் கைக்குள் வந்துவிட்டதால், பக்கத்திலுள்ள இயற்கை மங்கலாகத் தெரிகிறது. ஏரி சுருங்கினால் அதைக் கவனிக்கவும் ஆளிருக்காது. இதுவே இக்கருவியால் வரக்கூடிய பெரிய இழப்பு.

செய்யத்தக்கது

ஆகவே மெய்நிகர்க் கண்ணாடியை ஒதுக்க வேண்டியதில்லை. அதன் இடத்தை அறிந்து வைக்க வேண்டும். நாம் செல்ல முடியாத இடத்தை அது காட்டட்டும். நாம் சென்றால் கெடும் இடத்தையும் அது காட்டட்டும். கூட்டருகே மனிதக் கூட்டம் நெருங்குவதைவிடப் படக்கருவி நெருங்குவது நல்லது. விலங்கியல், தாவரவியல் வகுப்புகளில் பயணத்துக்கு முன்னுரையாக அது பயன்படட்டும். ஆனால் பயணத்துக்கு மாற்றாக அது வைக்கப்படுமானால், மாணவர்க்குக் கிடைப்பது காட்சி மட்டுமே.

மாணவ நண்பர்களே! இவ்வாண்டு மழை நன்றாகப் பெய்தால் மார்கழியில் ஒரு மாலை வேடந்தாங்கல் கரைக்குச் செல்வோம். பொழுது சாயும் நேரத்தில் இரை தேடப் போன பறவைகள் அணியணியாகத் திரும்பி வரும். அவற்றின் பெயரில் ஐந்தையாவது கற்றுத் திரும்புவோம். கரையில் நிற்கும் உழவரிடம் இந்த ஏரித் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று கேட்போம். அங்கே நிற்கும்போது மூக்கை மட்டும் பொத்திக்கொள்ள வேண்டா.